கொள்ளைக் கப்பலும் ஓலை நறுக்கும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் தம்பி போனில் கூப்பிட்டு, "அண்ணாச்சி, அறிவுரை மட்டும் வேண்டாம். பழைய சினிமா ஏதாவது ஒண்ணைப் பத்திப் பேசுங்க, பிள்ளைகள் உறங்காம இருக்கும்" என்றார். நல்ல யோசனைதான். பழைய சினிமா என்றால் எனக்கு வேறு படமே ஞாபகத்துக்கு வராது. கப்பல், வாள், கயிறு, கொள்ளைக்காரன், இளவரசி எல்லாம் உள்ள ஒரே படம். சரியாகச் சொல்லிவிட்டீர்கள், ஆயிரத்தில் ஒருவன். எம்.ஜி.ஆர். நடித்த அசல் படத்தைச் சொல்கிறேன். பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு 2010-ல் வந்த படம் வேறு.

1965 ஜூலை 9-ம் தேதி வெளிவந்த படம் அது. நம் மாவட்டம் 1956 நவம்பர் 1-ல் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்து ஒன்பது வருஷம்கூட முடியவில்லை. எனக்குப் பதினைந்து வயசு. அந்தக் காலத்தில் கொட்டகையில் கலர் படம் வருகிறது என்றாலே அது திருவிழா. கடலும் கலரில், கப்பலும் கலரில், எம்.ஜி.ஆரும் கலரில் என்றால் கேட்க வேண்டுமா? பட்டணத்துப் பிள்ளைகளுக்குக் கடல் அதிசயமாக இருந்திருக்கும். நமக்கு அப்படி இல்லை, எந்தப் பக்கம் நடந்தாலும் கடல்தான். அந்தக் கடலில் வாளோடு ஒருவன் நிற்கிறான் என்பதுதான் எங்களுக்கு அதிசயம்.

இயக்கித் தயாரித்தவர் பி.ஆர். பந்துலு. அவர் சிவாஜியை வைத்து வீரபாண்டிய கட்டபொம்மன் (1959), கப்பலோட்டிய தமிழன் (1961), கர்ணன் (1964) எடுத்தவர். கப்பலோட்டிய தமிழன் இன்று நாம் கையெடுத்துக் கும்பிடுகிற படம். வந்த காலத்தில் வசூல் இல்லை. வ.உ.சி.யின் நிஜக் கப்பலை ஓட்டிக் கையைச் சுட்டுக்கொண்ட மனுஷன், நாலு வருஷம் கழித்துக் கற்பனைக் கப்பல் ஒன்றை ஓட்டிக் கரை சேர்ந்தார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும், கொஞ்சம் வருத்தமும் வரும்.

ஜெயலலிதா எம்.ஜி.ஆரோடு சேர்ந்து நடித்த முதல் படம் இது. கொட்டகையில் விசிலடித்த எங்களில் ஒருவனாவது, திரையில் நிற்கும் இரண்டு பேரும் பின்னால் முதலமைச்சர் ஆவார்கள் என்று நினைத்திருப்பானா? விஸ்வநாதன் – ராமமூர்த்தி இரட்டையர் சேர்ந்து இசையமைத்ததும் அந்தச் சமயத்தில் இந்தப் படத்தோடு முடிந்தது. கண்ணதாசனும் வாலியும் பாட்டு எழுதினார்கள். கப்பல் காட்சிகளுக்குக் கார்வார் கடற்கரைக்குப் போனார்கள். 2014 மார்ச்சில் படத்தைப் புதுப்பித்து வெளியிட்டபோது, பேரன் பேத்திகளோடு ஜனங்கள் போய்ப் பார்த்து, சென்னையில் வெள்ளிவிழா கொண்டாடினார்கள். நாற்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு வெள்ளிவிழா கண்ட படம் எத்தனை இருக்கும்?

இனி கதை. பின்வரிசைப் பிள்ளைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெய்தல் நாட்டில் ஒரு கொடுங்கோலன், நம்பியார். மணிமாறன் ஒரு வைத்தியன், எம்.ஜி.ஆர். அடிபட்டுக் கிடந்த கலகக்காரர்களுக்கு அவன் மருந்து போடுகிறான். வைத்தியனுக்கு நோயாளி எந்தக் கட்சி என்பது முக்கியமா? ஆனால் ராஜதுரோகி என்று பிடித்து, மற்றவர்களோடு சேர்த்துக் கன்னித்தீவுக்கு அடிமையாக விற்றுவிடுகிறார்கள். அங்கே இளவரசி பூங்கொடி அவன்மேல் ஆசை வைக்கிறாள். அடிமைகள் தப்புகிறார்கள், கடற்கொள்ளைக்காரர்களோடு மாட்டுகிறார்கள், கப்பல் தளத்தில் நின்று விடுதலையைப் பாடுகிறார்கள். பிறகு வாள், கயிறு, நாகேஷ், எல்லாம் சுபம்.

இந்தக் கதை கப்பலேறி வந்த கதை. ரஃபேல் சபாத்தினி என்பவர் 1922-ல் எழுதிய 'கேப்டன் பிளட்' நாவல், 1935-ல் ஹாலிவுட்டில் படமாயிற்று. இயக்கியவர் மைக்கேல் கர்டிஸ். அதிகம் பேருக்குத் தெரியாத எர்ரல் ஃப்ளின் என்ற இளைஞன் அந்த ஒரே படத்தில் உலகப் புகழ் பெற்றான். அதிலும் வைத்தியன்தான் நாயகன். அதிலும் காயம்பட்டவனுக்கு வைத்தியம் பார்த்ததுதான் குற்றம். ஜமைக்காத் தீவுச் சந்தையில் அவனை நிற்க வைத்து ஏலம் போடுகிறார்கள். கதாநாயகி பத்துப் பவுன் கொடுத்து வாங்குகிறாள். கடற்கரை மணலில் இரண்டு கொள்ளைத் தலைவர்கள் வாளெடுத்து மோதுகிற சண்டை இன்றைக்கும் பார்க்கலாம். சில கப்பல் சண்டைகளுக்குப் பழைய ஊமைப்படத்தின் துண்டுகளையும் பொம்மைக் கப்பல்களையும் சேர்த்துச் சமாளித்தார்கள். ஆக, அங்கேயும் சிக்கனம்தான்!

நாவலுக்கும் அடியில் ஒரு நிஜம் உண்டு. 1685-ல் இங்கிலாந்தில் மன்மத் பிரபு ராஜாவுக்கு எதிராகக் கலகம் செய்து தோற்றார். பிடிபட்டவர்களில் நூற்றுக்கணக்கானவர்களை மேற்கிந்தியத் தீவுகளுக்குப் பத்து வருஷ அடிமைகளாக அனுப்பினார்கள். அதில் ஹென்றி பிட்மன் என்று நிஜமாகவே ஒரு வைத்தியர் இருந்தார். பார்படோஸ் தீவிலிருந்து ஒரு சின்னப் படகில் தப்பி, ஊர் திரும்பி, 1689-ல் தன் கதையை அச்சிட்டார். அவர் கதை சபாத்தினி கைக்கு வந்து, ஹாலிவுட் போய், கோடம்பாக்கம் வந்து, கடைசியில் நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் போஸ்டராக ஒட்டப்பட்டது. சரக்குக் கப்பலைவிடக் கதைக் கப்பல் தூரம் போகும்.

இனி, இந்தப் படத்தைப் பற்றி எனக்கு முக்கியமாகப் படுகிற ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கல்லூரியில் படிக்கும்போது அந்தப் படம் மறுபடியும் வந்தது. எம்.ஜி.ஆர். படம் என்றால் கொட்டகைக்காரருக்கு அவசரத்துக்கு எடுக்கிற வைப்பு நிதி மாதிரி. நாங்கள் மூன்று பேர் இரண்டாம் ஆட்டம் போனோம். ஒருவன் கடற்கரை ஊர்க்காரன். அவன் படம் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தான். "ஏலே மக்கா, காத்து எங்க இருந்து அடிக்குது, பாய் எந்தப் பக்கம் புடைக்குது? இந்தக் கப்பலு கச்சான் காத்துல ஒரு நாழிகை நிக்காது" என்றான். வள்ளத்தில் பிறந்து வளர்ந்தவன். அவனுக்கு டைரக்டரே வந்து சொன்னாலும் சமாதானம் ஆகாது.

இன்னொருவன் நாஞ்சில் நாட்டு வயற்காட்டுக்காரன். அவன் வீட்டார் பரம்பரையாக அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். குடும்பத்திலேயே அவன்தான் முதலில் கல்லூரி வாசல் மிதித்தவன். படம் முடிந்து திரும்பி நடக்கும்போது அவன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. ஒழுகினசேரிப் பாலம் தாண்டினதும் பைய ஒரு வார்த்தை கேட்டான்: "படத்துல அடிமையெல்லாம் கப்பல்ல ஏறித் தப்பிச்சாச்சு. எங்க தாத்தாவுக்குத் தாத்தா எந்தக் கப்பல்ல ஏறினாரு?"

எங்கள் இரண்டு பேருக்கும் பதில் இல்லை. கேள்வி எனக்கு அப்போது சரியாகப் புரியவுமில்லை. ஏனென்றால் அடிமை என்றால் அது அமெரிக்காவில், ரோமாபுரியில், அல்லது கன்னித்தீவில் என்றுதான் எங்கள் பாடப்புத்தகம் சொல்லித் தந்திருந்தது.

பிறகு நான் வங்கியில் வேலைக்குப் போனேன். முப்பத்தைந்து வருஷம் அடமானப் பத்திரம் படித்துப் படித்துக் கண்ணாடி தடித்ததுதான் மிச்சம். ஓய்வு பெற்ற பிறகுதான் அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைப் பற்றிப் படிக்க நேரம் கிடைத்தது. நம் தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் அக்கறை எடுத்து ஆராய்ந்த ஓலைகள் அவை. பின்னாளில் ஆய்வாளர் அ.கா. பெருமாள் அவர்கள் அவற்றைப் படித்துப் புத்தகமாக்கித் தந்திருக்கிறார். அந்த ஓலைகளில் வரிக் கணக்கு இருக்கிறது, வாய்க்கால் தகராறு இருக்கிறது, ஊர்க்கூட்ட முடிவு இருக்கிறது. கூடவே, ஆள் விற்ற ஓலையும் இருக்கிறது.

ஆம், நம் நாஞ்சில் நாட்டில்தான். தெரிசனங்கோப்பும் பூதப்பாண்டியும் தோவாளையும் இருக்கிற, நாம் நெல்லுக்கும் பூவுக்கும் பெருமை பேசுகிற அதே மண்ணில்தான். நிலம் விற்பதுபோலவே ஆளை விற்று ஓலை எழுதியிருக்கிறார்கள். இது நம்மூர்ப் பழக்கம் மட்டுமல்ல. 1800-01-ல் மலபாரைச் சுற்றிப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், அங்கே அடிமையை ஜென்மமாக விற்கலாம், காணமாக அடமானம் வைக்கலாம், பாட்டத்துக்கு வாடகை விடலாம் என்று மூன்று வழி எழுதி வைத்திருக்கிறார். வங்கிக்காரன் எனக்கு அதைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. கிரயம், அடமானம், வாடகை. என் மேஜைக்குத் தினமும் வந்த மூன்று வார்த்தைகள்.

சினிமாவுக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் எங்கே இருக்கிறது தெரியுமா? படத்தில் அடிமையைக் கப்பலில் கொண்டுபோகிறார்கள். கப்பலில் வந்தவன் கப்பலிலேயே தப்பலாம். நம்மூர் அடிமையை யாரும் எங்கேயும் கொண்டுபோகவில்லை. அவன் பிறந்த வரப்பிலேயே இருந்தான். நிலம் கைமாறும்போது அவனும் கைமாறினான். பிறந்த ஊரே சிறை என்றால் எந்தக் கடலில் போய் எந்தக் கப்பலைப் பிடிப்பது? தோழன் கேட்ட கேள்விக்கு அர்த்தம் அதுதான்.

கேப்டன் பிளட் கதையிலும் இதே ஓட்டை உண்டு. இங்கிலாந்திலிருந்து போன கைதிக்குப் பத்து வருஷக் கணக்கு. அதே தீவில், அதே கரும்புத் தோட்டத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவனுக்குக் கணக்கே கிடையாது. அவனும் அடிமை, அவன் பிள்ளையும் அடிமை. படம் பத்து வருஷக்காரனின் கதையைச் சொல்லிற்று. மற்றவர்கள் பின்னால் கூட்டமாக நின்றார்கள்.

இப்போது உங்களை உதயகிரிக் கோட்டைக்குக் கூட்டிப்போகிறேன். பஸ்ஸில் புலியூர்க்குறிச்சி தாண்டும்போது எல்லோரும் பார்த்திருப்பீர்கள், உள்ளே போனவர்கள் எத்தனை பேர்? அங்கே ஒரு கல்லறை இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறது. டிலனாய் என்ற கப்பித்தான் படுத்திருக்கிறார். 1741-ல் டச்சுக் கம்பெனி குளச்சலில் இறங்கியது. மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் படை அவர்களைத் தோற்கடித்தது. நம் கடற்கரை மக்கள் அந்தப் போரில் துணை நின்றதை இன்றும் குளச்சலில் கதையாகச் சொல்வார்கள். வெற்றித்தூணும் அங்கே நிற்கிறது. பிடிபட்டவர்களில் ஒருவர்தான் டிலனாய். ராஜா அவரைக் கொல்லவில்லை. தம் படைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். எதிரிக் கைதியாக வந்தவர் 'வலிய கப்பித்தான்' ஆனார். வட்டக்கோட்டையையும் உதயகிரியையும் பலப்படுத்தினார். முப்பத்தாறு வருஷம் இந்த மண்ணுக்கு உழைத்து 1777-ல் இங்கேயே கண்ணை மூடினார். எந்த சினிமாக்காரரும் இதைவிட நல்ல கதை எழுத முடியாது.

ஆனால் டிலனாயையும், கேப்டன் பிளட்டையும், மணிமாறனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். மூன்று பேரும் கைதிகள். மூன்று பேருக்கும் ஆள்கிறவனுக்குத் தேவையான ஒரு கைத்தொழில் தெரியும். ஒருவனுக்குப் பீரங்கி, மற்ற இருவருக்கும் மருந்து. அந்தத் தொழில்தான் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட சாவி.

வயலில் நின்றவனுக்குத் தொழில் தெரியாதா? எந்த மழைக்கு எந்த விதை, எந்த மடையை எப்போது திறக்க வேண்டும், நாற்று எத்தனை நாளில் பிடுங்க வேண்டும் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? அந்தத் தொழில் இல்லாமல் நாஞ்சில் நாடு நெற்களஞ்சியம் ஆகியிருக்குமா? ஆனால் வைத்தியனுக்குச் சாவியாக இருந்த தொழில் உழவனுக்குப் பூட்டாக இருந்தது. அவன் கை இல்லாமல் அறுவடை நடக்காது. அதனாலேயே அவனை விடக்கூடாது. இதைத்தான் நான் இன்றைக்குச் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் பப்படமும் பாயசமும்.

பூட்டு எப்போது திறந்தது? ஒரே நாளில் இல்லை. 1812-ல் ராணி கௌரி லட்சுமிபாய் காலத்தில் ஆள் விற்பனைக்குத் தடை வந்தது. ஆனால் நிலத்தோடு சேர்ந்த உழவு அடிமைகளுக்கு அது பொருந்தாது என்று விலக்கும் கூடவே வந்தது. ஓட்டையைப் பார்த்தீர்களா? 1847-ல் மிஷனரிமார் மகாராஜாவுக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள். 1853-ல் சர்க்கார் அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர்கள் என்று அறிவிப்பு வந்தது. 1855-ல் உத்திரம் திருநாள் மகாராஜா காலத்தில்தான் முழு விடுதலை. விருதுக்குப் போட்டி போடுகிற காட்சி ஒன்றும் இதில் இல்லை. வாள் இல்லை, கயிறு இல்லை, பின்னணி இசை இல்லை. மூன்று காகிதங்கள், இடையில் நாற்பத்து மூன்று வருஷம், அவ்வளவுதான். காகிதம் வந்த மறுநாளே வரப்பில் எல்லாம் மாறிவிடவும் இல்லை.

"அப்படியானால் படம் பொய்யா அண்ணாச்சி?" என்று யாராவது கேட்கலாம். இல்லை. கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து அந்தக் கப்பல் பாட்டுக்குக் கைதட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அறுவடைக் கூலியை முந்தியில் முடிந்து கொண்டு வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு ஸ்பெயின் தெரியாது, ஜமைக்கா தெரியாது. மனுஷனுக்கு விலை போடக்கூடாது என்பது மட்டும் தெரியும். தங்களுக்குக் கிடைக்காத கப்பலைத் திரையில் பார்த்துக் கைதட்டினார்கள். அதற்கு நான் தலைவணங்குகிறேன்.

கொள்ளைக்காரன் என்ற வார்த்தையையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். போர்ச்சுகீசியர் நம் மேற்குக் கடலுக்கு வந்ததும், தங்களிடம் சீட்டு வாங்காத கப்பல்களையெல்லாம் பிடித்தார்கள். அந்தச் சீட்டுக்குக் கர்த்தாஸ் என்று பெயர். அவர்களோடு கடலில் மோதிய சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்களை அவர்கள் கொள்ளைக்காரர் என்று எழுதினார்கள். நான்காம் குஞ்ஞாலியை 1600-ல் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள். கணக்கை யார் எழுதுகிறானோ அவன் கொள்ளைக்காரன் இல்லை. ஓலை எழுதியவனும் அப்படித்தான். ஆளை விற்றவன் அதில் கனவான், தப்பி ஓடியிருந்தால் ஓடியவன்தான் திருடன்.

மாணவச் செல்வங்களே, நம் கல்லூரி பெஞ்சில் ஓலை எழுதியவரின் பேரனும், ஓலையில் எழுதப்பட்டவரின் பேத்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஒருவர் டிபன் பாக்ஸில் ஒருவர் கை போடுகிறீர்கள். இதைவிடப் பெரிய சாகசம் எந்தப் படத்திலும் இல்லை. யாரும் தலைகுனிய வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு பக்கத்தில் உட்காருவதற்கும் தெரியாமல் உட்காருவதற்கும் வித்தியாசம் உண்டு. தெரிந்து உட்கார்ந்த நட்பு சீக்கிரம் உடையாது.

அந்த வயற்காட்டுத் தோழன் இன்று நம்மோடு இல்லை. அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்று, சில வருஷங்களுக்கு முன் காலமானார். அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் இதே கல்லூரியில் படித்தவர்கள். கேள்விக்கு என்னால் அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது என்னிடம் ஒரு யோசனை மட்டும் இருக்கிறது. அதைச் சங்கத்தின் முன் வைக்கிறேன்.

வருஷா வருஷம் சந்திப்புக்கும் சாப்பாட்டுக்கும் மலருக்கும் காசு பிரிக்கிறோம். அதில் ஒரு பங்கை ஒதுக்கி, நம் நூலகத்தில் நாஞ்சில் நாட்டு ஓலைகள், கல்வெட்டுகள், ஊர் வரலாறுகளுக்கென்று ஒரு அலமாரி வைப்போம். பக்கத்திலேயே இன்னொரு தட்டு காலியாக இருக்கட்டும். மாணவர்கள் தங்கள் வீட்டுப் பாட்டி தாத்தாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருவதை அதில் சேர்ப்போம். ஓலையில் விற்றவர் கை எழுத்து இருக்கிறது. விற்கப்பட்டவர் பேச்சு எதிலும் இல்லை. அது இன்னும் சில வயசான நாக்குகளில்தான் மிச்சம் இருக்கிறது. அதுவும் நாள்பட இருக்காது. முதல் தவணையாக என் பங்கை இந்த மேடையிலேயே செயலாளர் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன். வங்கிக்காரன் காசு கொடுப்பது அபூர்வம், உடனே வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு வாசனை வருகிறது.